தொட்டிப் படிகள்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் பயல்கள் இரண்டு பேரும் சுகம்தானே? உங்கள் இடுப்புப் பிடிப்பு விட்டதா?

இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிட்டு வைத்துவிடுவீர்கள். எழுதினால் யோசித்துப் பதில் போடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

மொட்டு பிறந்து நாற்பது நாள் ஆகிறது. "கையில் சின்னக் குறை" என்று அன்றைக்குச் சொன்னேன். சின்னது இல்லை. இரண்டு கையிலும் நடுவிரல் கிடையாது. அந்த இடம் உள்ளங்கை வரை பிளந்திருக்கிறது. பாதமும் அப்படியே. தலையில் முடி பூனை முடியாக இருக்கிறது. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. அழவில்லை, சும்மா வழிகிறது. ஆனால் அந்தக் கையால் என் விரலைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

பரம்பரை நோய் பார்க்கும் டாக்டரம்மா ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு தாளில் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாகக் குடும்பம் முழுவதையும் வரைகிறார். இந்தக் குறை உள்ளவர்களைக் கறுப்படிக்க வேண்டுமாம். கை, கால், பல், முடி, நகம், கண் எல்லாம் ஒரே கோளாறாக இருக்கலாம் என்கிறார். அப்பாவுக்கு மர மில்லில் ரம்பம் பட்டு விரல் போனதையும், எட்டு வயதில் நான் ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிப் படியில் விழுந்து மேல்பல் நாலு போனதையும் சொன்னேன். "விபத்தெல்லாம் இதுல வராதும்மா. எதுக்கும் வீட்டுல பெரியவங்களைக் கேட்டுட்டு வாங்க" என்றார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பெரியவர் நீங்கள்தானே.

நம் பக்கம் யாருக்காவது இருந்ததா? யாருக்கும் இல்லை என்றால் இது இவளிடம் புதிதாக வந்தது, அடுத்த குழந்தைக்குப் பயம் குறைவு. இருந்தது என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி. நன்றாக யோசித்து எழுதுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 11

என் அணிலுக்கு,

உன் கடிதம் வந்தது. இடுப்பு இருக்கிறது, அதன் மேல் நானும் இருக்கிறேன். அண்ணி சுகம். பயல்கள் அளவுக்கு மீறிச் சுகம்.

கடையில் வேலை தலைக்கு மேல். நேற்று ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் புதுப் பல் செட்டை மாட்டிக் கண்ணாடி பார்த்துவிட்டு, "இது என் பல் மாதிரியே இல்லையே" என்றார். "உங்க பல் இருந்தா என்கிட்ட ஏன் சார் வரப்போறீங்க" என்றேன். மனிதர் சிரித்தார், செட் கழன்று மடியில் விழுந்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். நம் பக்கத்தில் அப்படி யாருக்கும் இல்லை. டாக்டரம்மாவிடம் தைரியமாகச் சொல். அப்பா கை ரம்பம்தான். உன் பல்லும் தொட்டிப் படிதான். ஏழாவது படியிலிருந்து விழுந்தாய். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை பெயின்ட் கம்பெனியில் கலவைப் பிரிவில்தானே இருக்கிறார்? போன தடவை வந்தபோது சட்டையிலேயே தின்னர் வாடை அடித்தது. அந்த மருந்தெல்லாம் உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? டாக்டரிடம் அதைச் சொன்னாயா?

குழந்தையைப் பார்க்க ஓடி வர வேண்டும் என்று இருக்கிறது. கடையை விட்டு நகர முடியவில்லை. மொட்டுக்கு மாமன் முத்தம்.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அவ்வளவு நலம் இல்லை.

உங்கள் கடிதத்தை அவர் படித்துவிட்டார். நான் காட்டவில்லை, மேசையில் கிடந்தது. படித்துவிட்டு மடித்து அதே இடத்தில் வைத்தார். மறுநாள் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பதினோரு வருஷ வேலை. இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார்.

அதுகூடப் பரவாயில்லை. குழந்தையைத் தொடுவதில்லை அண்ணா. வேலைவிட்டு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார், தேய்க்கிறார், புறங்கை வெடித்து ரத்தம் வரும்வரை. பிறகு தொட்டிலுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார். "தூக்குங்களேன்" என்றால், "என் கையாலதான் அவ கை போச்சு" என்கிறார். டாக்டரம்மா, "கெமிக்கல்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்லை" என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தார். மண்டையில் ஏறவில்லை. மச்சான் விவரம் தெரிந்தவர், அவரே எழுதியிருக்கிறார் என்கிறார்.

ஒரு சந்தேகம். அப்பாவுக்கும் கண்ணில் இப்படித்தானே நீர் வழியும்? தோளில் துண்டு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. உங்கள் கூடத்தில் அவர் குடை பிடித்து நிற்கும் போட்டோ இருக்கிறதே, அதில் கையை உற்றுப் பார்த்து வெட்டுத் தழும்பு தெரிகிறதா என்று எழுதுங்கள். டாக்டரம்மா கேட்கிறார்.

மொட்டு சிரிக்கத் தொடங்கியிருக்கிறாள். அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கை


மார்ச் 29

அன்புள்ள தங்கைக்கு,

பதில் தாமதம், திட்டாதே. பயலுக்குப் பரீட்சை, அண்ணிக்குக் காய்ச்சல், எனக்கு ஒரே வாரத்தில் ஒன்பது செட். இப்போது எல்லாரும் தேவலை.

அப்பா கண் விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. மில்லில் மரத்தூள் பறக்கும், அது கண்ணில் விழும், நீர் வழியும். அந்தப் போட்டோவைச் சட்டம் மாற்றக் கொடுத்தேன். கடைக்காரர் எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறார்.

மாப்பிள்ளை அவசரப்பட்டுவிட்டார். நான் ஏதோ பேச்சுக்கு எழுதினேன். போகட்டும், அந்த வேலை உடம்புக்கு ஆகாததுதான். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்குக் காய்ச்சல் விட்டது என்று அறிந்து ஆறுதல்.

குழந்தையின் ரத்தத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம். தோல், பல், முடி, நகம், விரல் எல்லாம் கருவில் உருவாகும்போது மேஸ்திரி மாதிரி நின்று வேலை வாங்குகிற மரபணுவாம். அந்த மாற்றம் ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் கையில் காட்டும், ஒருவருக்குப் பல்லில் மட்டும் காட்டும், ஒருவருக்கு வெளியே ஒன்றுமே தெரியாமலும் இருக்கும் என்றார். இப்போது எங்கள் இருவர் ரத்தமும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

அவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். "அந்த எழுத்தை மாத்தினதே என் தின்னர்தான்" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மில் கிடையாதே அண்ணா. அன்றைக்கும் அப்பாவுக்குக் கண்ணில் நீர் வழியும். அது எந்தத் தூள்?

இன்னொன்று. அம்மா சொல்லும்போது பதினோராவது படி என்பாள். நீங்கள் ஏழு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொட்டிக்கு மொத்தம் எத்தனை படி? தெரிந்தால் எழுதுங்கள். அவசரம் இல்லை.

தங்கை


மே 10

அண்ணாவுக்கு,

நலம்தானே? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. போன் அடித்தால் அண்ணி, "இப்பத்தான் வெளியே போனாரு" என்கிறாள். எப்போது அடித்தாலும் இப்போதுதான் போயிருக்கிறீர்கள்.

நாலு பொய்ப் பல் வைத்த என் பல் தட்டு விரிசல் விட்டுவிட்டது. புதிது செய்ய வேண்டும். முதன்முதலில் எட்டு வயதில் எனக்கு எடுத்த அச்சு உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை.

அவர் கையில் இப்போது தோல் இல்லை.

தங்கை


மே 21

என் அணிலுக்கு,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. பஞ்சில் சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரி. உன் எட்டு வயது வாயின் பிளாஸ்டர் அச்சு. புதுத் தட்டுக்கு அது உதவாது, உனக்கே தெரியும். நீ எதற்குக் கேட்டாய் என்று எனக்கும் தெரியும்.

நான் இன்று எந்தத் தமாஷும் எழுதப் போவதில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. பல் செட் கட்டும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். உனக்குப் பால்பல் விழுந்து மேல் வரிசையில் நாலு பல் முளைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். நீ படியில் விழுந்துவிட்டாய் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். நானும் நம்பினேன். உனக்கு ஒரு தட்டு செய்து தரலாம் என்று அச்சு எடுத்துக்கொண்டு போனேன். என் முதலாளி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "யாருடா சொன்னது விழுந்துச்சுன்னு? விழுந்திருந்தா ஈறு மேடு இப்படிக் கத்தி மாதிரி மெலிசா இருக்காது. இங்க பல் இருந்ததே இல்லை" என்றார். அந்த மேட்டை நீயே விரலால் தடவிப் பார்.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்து என் மடியில் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கையைப் பக்கத்தில் பார்த்தேன். ஒரு வெட்டு இல்லை, ஒரு தையல் இல்லை. பிளவுக்குள்ளே குழந்தைத் தோல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. "மரம் அறுக்கிற இடத்துல விரல் இல்லாதவனை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கடா. அதுக்காகத்தான் அந்த வேலைக்கே போனேன்" என்றார். மில்லில் அவரை 'மூணு விரல் மேஸ்திரி' என்று கூப்பிடுவார்களே, அந்தப் பெயரில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. "ரம்பம்னே இருக்கட்டும். தங்கச்சிக்கு நாளைக்கு ஒரு இடம் அமையணும்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

நம் வீட்டில் பிறவி என்று எதுவும் கிடையாது. எல்லாமே விபத்து. அப்படித்தான் வளர்ந்தோம்.

என் பையன்கள் பிறந்தபோது அண்ணி, "என்ன குழந்தைங்க?" என்று கேட்டாள். நான் விரலை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் இத்தனை வருஷமும் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கவில்லை. நேற்றுதான் சொன்னேன். இப்போது அவள் சிரிப்பதில்லை.

எல்லாம் தெரிந்த நான்தான் தின்னர் வாடை என்று எழுதினேன். உன் கேள்வி என் பக்கம் வந்தபோது, யோசிக்காமல் அதை மாப்பிள்ளை பக்கம் தள்ளிவிட்டேன். அவர் கையைத் தேய்க்கிறார் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கடையில் பல் செட்டுக்கு வைத்திருக்கும் மெழுகு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். மார்ச் மாதம் முழுவதும் அது அங்கேதான் இருந்தது. போட்டோ எங்கும் போகவில்லை. நான்தான் கழற்றி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்கும் யோக்கியதையும் இல்லை. டாக்டரம்மாவிடம் அப்பாவின் கட்டத்தைக் கறுப்படிக்கச் சொல். உன் வட்டத்தையும். மாப்பிள்ளையிடம் நீ சொல்கிறாயா, நான் எழுதட்டுமா?

அண்ணன்


ஜூன் 20

என் அணிலுக்கு,

பார்சல் வந்து சேர்ந்ததா? ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

மொட்டு குப்புற விழுகிறாளா?

அண்ணன்


ஜூலை 3

அண்ணாவுக்கு,

பார்சல் மே மாதக் கடைசியிலேயே வந்துவிட்டது. அதைப் பீரோ மேல் வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் எனக்குப் புதுச் செய்தி இல்லை. ஏப்ரல் மூன்றாம் தேதியே தாடைக்கு எக்ஸ்ரே எடுத்தேன். "வேரும் இல்லை, இருந்த தடமும் இல்லை" என்றார் பல் டாக்டர். மூன்று நாள் கழித்துத்தான் உங்களுக்கு எழுதினேன், எத்தனை படி என்று. அந்தத் தொட்டிக்குப் படியே கிடையாது அண்ணா. பக்கவாட்டில் ஒரு இரும்பு ஏணிதான் இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விழுந்தது மட்டும் நினைவில்லை. அம்மா சொல்லிச் சொல்லி, விழுந்ததாகவே ஒரு நினைவை நானே செய்து வைத்திருந்தேன். வலித்ததுகூட நினைவிருக்கிறது, பாருங்கள்.

நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நீங்கள் சொல்லாதவரை நானும் சொல்லாமல் இருக்கலாம் அல்லவா? என்னால்தான் என்று தெரிந்தால் அவர் என்னை எப்படிப் பார்ப்பாரோ என்று பயந்தேன். அவர் தன்னைத்தானே வெறுத்துக்கொண்டிருந்தார். என்னை வெறுப்பதைவிட அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகாவது சொன்னேனா? பீரோ மேல் வைத்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு ஜூன் பத்தொன்பதாம் தேதி வந்தது. அவரிடம் மாற்றம் இல்லை. என்னிடம் இருக்கிறது, மொட்டிடம் உள்ள அதே எழுத்து. ஒன்பது நாள் அந்தத் தாளை என் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். ஜூன் இருபத்தெட்டு மாலை அவர் குழாயடியில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போய்க் குழாயை மூடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே முதல் அன்றுவரை எண்பத்தாறு நாள். நான் எண்ணியிருக்கிறேன்.

அவர் கத்தவில்லை. அச்சை எடுத்து மேசையில் வைத்து அந்த மேட்டைக் கட்டைவிரலால் தடவினார். வெடிப்பில் அது பட்டு எரிந்திருக்கும். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இருட்டுவதற்குள் வந்துவிட்டார்.

என்னோடு இன்னும் பேசவில்லை. குழந்தையோடு பேசுகிறார்.

உங்களை நான் திட்ட முடியாது. திட்ட எனக்கு வாய் இல்லை. டாக்டரம்மா மூன்றையும் கறுப்படித்துவிட்டார். அப்பாவின் கட்டத்தை அவர் அடிக்கும்போது, அப்பாவைச் சபையில் நிறுத்தியது போல் எனக்கு உடம்பு கூசியது. "எதுக்கும்மா தலை குனியறீங்க? இது பரம்பரை, குத்தம் இல்லை" என்றார். பரம்பரை குற்றம் இல்லைதான். நாம் செய்தது?

தங்கை


ஜூலை 9

மச்சானுக்கு,

நலம். நலம் விசாரித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தம் பேச வந்த அன்று உங்கள் கூடத்தில் அந்தப் போட்டோவைப் பார்த்துக் கேட்டேன். "ரம்பம் மாப்பிள்ளை, ஒரே இழுப்பு" என்றீர்கள். சொன்னதோடு விடாமல் உங்கள் கையை வெடுக்கென்று இழுத்தும் காட்டினீர்கள். அதுதான் இப்போது கண்ணுக்குள் நிற்கிறது.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேனா என்று பத்து நாளாக யோசிக்கிறேன். என்றிருக்கலாம். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது நான் சொல்ல வேண்டிய பதில். எனக்காக நீங்களே சொல்லிக்கொண்டீர்கள்.

பழைய வேலைக்குப் போய்க் கேட்டேன். ஆள் போட்டுவிட்டார்கள்.

குழந்தையைத் தூக்கினேன். ஆறு மாதக் குழந்தை இவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் புறங்கைப் புண்ணைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வலித்தது, இருந்தும் எடுக்கவில்லை.

உங்கள் தங்கையோடு நான் பேசுவேன், இன்றைக்கு இல்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மொட்டுக்கும் நாளைக்குப் பல் முளைக்காமல் போகலாம். அப்போது அவளுக்குச் சொல்ல இந்த வீட்டில் ஒரு படிக்கட்டுக் கதை இருக்கக் கூடாது. உள்ளது உள்ளபடி உங்கள் கையெழுத்தில் அவளுக்கே எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரிந்ததும் அவளே படிக்கட்டும். தபாலில் வேண்டாம். கொண்டு வாருங்கள், வந்து அவளைத் தூக்குங்கள்.

குழந்தையின் அப்பா


ஜூலை 20

அன்புள்ள மொட்டுக்கு,

நீ இதைப் படிக்கும்போது நன்றாக இருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டும் இருக்க வேண்டும். உன் அம்மா அப்படித்தான் இருந்தாள். நான் உன் தாய்மாமன். பொய்ப் பல் செய்வது என் தொழில். அதில் மட்டும் பொய் செய்திருக்கலாம்.

நீ பிறந்த ஏழு மாதத்தில் உன்னைப் பார்க்க நான் வரவில்லை. கடையில் வேலை என்று சொன்னேன். வேலை இல்லை. உன் கையைப் பார்க்கும் தைரியம் இல்லை. இந்தக் கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். கூடவே உன் தாத்தாவின் போட்டோவையும் எடுத்து வருகிறேன், உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்ட. சட்டம் மாற்றவில்லை, பழைய சட்டம்தான்.

அதில் அவர் குடை பிடித்திருக்கும் கையைப் பார். உன் கையையும் பார். யாராவது என்ன ஆயிற்று என்று கேட்டால் உனக்குப் பிடித்தால் பதில் சொல், பிடிக்காவிட்டால் வேலையைப் பார்த்துக்கொண்டு போ. ஆனால் கதை கட்டாதே. ஒன்றைக் கட்டினால் அதைத் தாங்க இன்னொன்றைக் கட்ட வேண்டியிருக்கிறது. கடைசியில் அது முழுவதும் உன் அப்பா தலையில் இறங்கியது. அவர் உன்னைத் தூக்காமல் இருந்த மாதங்கள் நான் எடுத்துக்கொண்டவை. அவற்றைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை.

உன் அம்மா எங்கிருந்தும் விழவில்லை. தொட்டிக்குப் படி கிடையாது. உன் தாத்தாவை எந்த ரம்பமும் அறுக்கவில்லை. அவர் அப்படியே பிறந்தார். நீயும் அப்படியே பிறந்தாய். இந்த நாலு வரியை எழுத உன் மாமனுக்கு நாற்பத்து மூன்று வயது ஆகியிருக்கிறது.

மாமா